மூன்றாவது கட்சிக்குப் போட்ட ஓட்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

"ஜெயிக்காத கட்சிக்குப் போட்டு ஓட்டை வீணாக்காதே" என்று தேர்தல்தோறும் யாராவது சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது. அந்த ஓட்டை வீணாக்குவது, தொகுதியில் அதிக வாக்கு வாங்கியவர் மட்டுமே ஜெயிக்கும் நம் எண்ணும் முறைதான். 2006 சட்டமன்றத் தேர்தலில் தனித்து நின்ற தேமுதிகவுக்கு 8 சதவீதத்துக்கு மேல் வாக்கு விழுந்தது. கிடைத்த தொகுதி விருத்தாசலம் ஒன்றே ஒன்று.

நியூசிலாந்திலும் ஒரு காலத்தில் இதே முறைதான். தேசியக் கட்சியும் தொழிலாளர் கட்சியும் மாறி மாறி ஆண்டன. 1981இல் சோஷியல் கிரெடிட் என்ற மூன்றாவது கட்சிக்கு ஐந்தில் ஒரு பங்கு வாக்கு. 92 இடங்களில் கிடைத்தது 2. அதிக வாக்கு வாங்கிய தொழிலாளர் கட்சி எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தது. 1978லும் அதுதான் நடந்தது. மக்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு 1993 பொதுவாக்கெடுப்பில் முறையையே மாற்றினார்கள். 1996 தேர்தலிலிருந்து ஆளுக்கு இரண்டு ஓட்டு: ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, இன்னொன்று கட்சிக்கு. கட்சி வாக்கில் 5 சதவீதம் பெற்றாலோ ஒரு தொகுதியை ஜெயித்தாலோ வாக்கு விகிதப்படி இடம் உண்டு.

அப்புறம் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்காமல் ஆட்சி நிலைக்காதே என்பார்கள். நியூசிலாந்தில் ஹெலன் கிளார்க் சிறு கட்சிகளின் துணையோடுதான் 1999 முதல் 2008 வரை பிரதமராக இருந்தார்.

நம் சட்டமன்றத்துக்கும் இப்படி ஒரு முறை பொருந்துமா என்று தங்கள் நாளிதழ் ஒரு விவாதம் தொடங்க வேண்டுகிறேன்.

- ஒரு வாசகர், விழுப்புரம்