பழைய கார் உரிமையாளர் சங்கம், கோவை: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வந்திருக்கும் பதினேழு உறுப்பினர்களே, வராத நாற்பத்து நான்கு உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

எண்ணிக்கையை முதலிலேயே சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நம் விதிப்படி பேரவைக்குக் கோரம், அதாவது குறைந்தபட்ச வருகை, இருபது. பத்து மணிக் கூட்டத்துக்குப் பத்தரை ஆகியும் மூன்று பேர் குறைந்ததால் ஒத்திவைத்து, அதே மண்டபத்தில் அதே நாற்காலிகளில் அரை மணி கழித்து மறுபடி கூடியிருக்கிறோம். ஒத்திவைத்த கூட்டத்துக்குக் கோரம் வேண்டாம் என்று விதியில் எழுதி வைத்த முன்னோர் நம்மை நன்றாக அறிந்தவர்கள். வர இயலாதவர்களில் ஆறு பேர் முன்கூட்டியே தெரிவித்தார்கள், அவர்களுக்கு நன்றி. காலை எட்டு மணிக்கே "கிளம்பிவிட்டேன்" என்று தொலைபேசியில் சொன்ன நால்வர் இன்னும் வழியில்தான் இருக்க வேண்டும். பழைய வண்டி, குறை சொல்லக் கூடாது.

ஆண்டு நிகழ்ச்சிகள். ஜூனில் உறுப்பினர் ஒருவரின் தோப்பில் குடும்பச் சந்திப்பு நடந்தது. சுதந்திர தினத்தன்று பந்தய சாலையில் வண்டிகளை நிறுத்தி வைத்தோம். அக்டோபரில் அவிநாசி சாலையில் உள்ள ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்குப் போய் வந்தோம். வழக்கம்போல அங்கே இருக்கும் வண்டிகளைவிட நம் வண்டிகளைப் பற்றியே அதிகம் பேசினோம். செயற்குழு ஏழு முறை கூடியது.

ஜனவரியில் வால்பாறைப் பயணம். இதைப் பற்றி வெளியே பலவிதமாகப் பேசப்படுவதால் நடந்ததைப் பதிவு செய்கிறேன். பதினொரு வண்டிகள் கிளம்பின. ஆழியாறு தாண்டி ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்பதாவது, லோம்ஸ் வியூ என்ற காட்சி முனை. அங்கே மூன்று வண்டிகள் நின்றுவிட்டன. ரேடியேட்டர் கொதிக்கவில்லை. பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி, பம்ப் வெறும் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. நம் பெரியவர், மெக்கானிக், ஒரு துண்டை நனைத்துப் பம்பின் தலையில் சுற்றி, "கால் மணி நேரம் யாரும் செல்ஃப் தொடாதீர்கள்" என்று சொல்லிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டார். காய்ச்சல்காரக் குழந்தைக்குப் போடுவதுபோல மூன்று வண்டிகளுக்கும் ஈரத்துணி. இரண்டு கிளம்பின. மூன்றாவதன் பம்பைக் கழற்றினால், உள்ளே இருந்த டயஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு ஊறிய அப்பளமாக உப்பியிருந்தது. இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். நம் வண்டிகளின் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஆகவே பயண ஏற்பாட்டில் குறை என்று ஓர் உறுப்பினர் அனுப்பிய கடிதத்தை ஏற்பதற்கில்லை. கடிதம் எழுதியவர் பயணத்துக்கு வரவில்லை என்பதையும் குறிப்பில் சேர்த்திருக்கிறேன்.

இனி, இந்த ஆண்டின் முக்கியப் பணி. சென்ற பேரவையில் "சங்கத்தின் வரலாறு எழுதப்பட வேண்டும்" என்று தீர்மானம் நிறைவேறியது. முன்மொழிந்தவர் இன்று வரவில்லை. வழிமொழிந்தவரும் வரவில்லை. "எழுதும் பொறுப்பு செயலாளரிடம் ஒப்படைக்கப்படுகிறது" என்ற கடைசி வரி, காப்பி வந்துவிட்டதா என்று பார்க்க நான் வெளியே போயிருந்தபோது கைதட்டலுடன் சேர்க்கப்பட்டது. இருந்தாலும் ஏற்றுக்கொண்டேன்.

அறுபத்தொரு பேருக்கும் ஒரு படிவம் அனுப்பினேன். கேள்விகள் ஆறுதான்: என்ன வண்டி, எந்த ஆண்டு, யாரிடமிருந்து வாங்கியது, ஆர்.சி. நகல், ஒரு புகைப்படம், ஒரு நினைவு. திரும்பி வந்தவை ஒன்பது. அவற்றில் இரண்டில் கையெழுத்து மட்டும் இருந்தது. ஒருவர் மகள் திருமணப் படத்தை அனுப்பியிருந்தார். உற்றுப் பார்த்தால் மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் ஒரு பின்விளக்கு தெரிகிறது. அதைத்தான் அட்டைப்படமாகப் போட வேண்டியிருக்கும் என்று நினைத்தேன்.

எனவே வீடு வீடாக நானே போனேன். போக்குவரத்துப் படி எதுவும் எடுக்கவில்லை. இதைப் பொருளாளர் உறுதிப்படுத்துவார்.

போனதில்தான் சங்கத்தின் சொத்து என்னவென்று எனக்கே தெரிந்தது. நம்மிடம் ஓர் ஆஸ்டின் ஏ40 இருப்பது பலருக்குத் தெரியாது. எண்ணூரில் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், பாகங்களை இங்கிலாந்திலிருந்து வரவழைத்துப் பூட்டிய வண்டி. 1955-இல் அந்த நிறுவனம் அசோக் லேலண்ட் ஆகி லாரி, பஸ் பக்கம் போய்விட்டது. நம் உறுப்பினர் வீட்டில் அது தார்ப்பாய்க்குள் இருக்கிறது. இஞ்சின் பக்கத்து அறையில் இருக்கிறது. "இரண்டையும் சேர்த்துப் பார்த்து எத்தனை வருடமாயிற்று?" என்று கேட்டேன். காப்பி சாப்பிடுங்கள் என்றார்.

அம்பாசிடர்தான் நம்மில் அதிகம். ஐம்பதுகளின் கடைசியில் தொடங்கி 2014 வரை மேற்கு வங்கத்து உத்தரபாராவில் உருவம் பெரிதாக மாறாமலேயே வெளிவந்த வண்டி என்பதால், எது பழையது என்ற சிக்கல் இதில்தான். கடைசி ஆண்டுகளின் வண்டியை வைத்துக்கொண்டு பழைய கார் சங்கத்தில் சேர ஒருவர் விண்ணப்பித்திருக்கிறார். பார்த்தால் பழையதுதான், பத்திரத்தில் புதிது. இதைவிடப் பெரிய சண்டை மாருதி 800 விஷயத்தில். முதல் வண்டி 1983 டிசம்பரில் கைமாறியது; நாற்பது ஆண்டு தாண்டிவிட்டது. "அது வந்துதானே நம் வண்டிகளை ஒழித்தது, அதையே உள்ளே விடுவதா?" என்று பிரீமியர் பத்மினி கார் வைத்திருக்கும் மூத்தவர் ஒருவர் செயற்குழுவிலிருந்து வெளிநடப்பு செய்தார். வெளியே போனவர் வண்டி கிளம்பாததால் திரும்பி வந்து, தள்ள ஆள் கேட்டார். என் தனிக்கருத்து: விண்ணப்பித்த மூன்று மாருதிக்காரர்களும் சந்தாவை விண்ணப்பத்துடனேயே இணைத்திருந்தார்கள். அத்தகைய பழக்கம் உள்ளவர்கள் சங்கத்துக்கு வர வேண்டும்.

வரலாற்றை நான் 1920-இல், ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பஸ்ஸை ஓட்டத் தொடங்கியதிலிருந்து ஆரம்பித்திருந்தேன். நம் சங்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று தலைவர் வெட்டச் சொன்னார். வெட்டிவிட்டேன். அது இப்போது முன்னுரையில் இருக்கிறது.

சங்கம் எந்த ஆண்டு தொடங்கியது என்பதில்தான் மூன்று மாதம் போனது. நிறுவன உறுப்பினர்கள் மூவர் இருக்கிறார்கள். மூன்று ஆண்டு சொன்னார்கள். ஒருவர் கணக்கில் சங்கம், மேட்டுப்பாளையம் சாலையில் அவர் வண்டி நின்று முன்பின் தெரியாத இருவர் இறங்கித் தள்ளிய மாலையில் பிறந்தது. தள்ளியவர்களில் ஒருவர், அது சங்கம் தொடங்கி வெகுநாள் கழித்து நடந்தது என்கிறார். முதல் நடவடிக்கைக் குறிப்பேடு தொலைந்துவிட்டதாக எல்லாரும் ஒருமனதாகச் சொன்னார்கள். அவர்கள் ஒருமனதாகச் சொன்னது அது ஒன்றுதான்.

குறிப்பேடு ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில் இருந்தது. நம் முதல் செயலாளர் மறைந்த பிறகு அவர் துணைவியார் உறுப்பினராகத் தொடர்கிறார். வாரம் ஒருமுறை வண்டியைத் தெருமுனை வரை ஓட்டிவிட்டு நிறுத்துகிறார். சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் 1961 முதல் ஹெரால்டு செய்தார்கள். இங்கிலாந்தில் இரண்டு கதவோடு நின்றுபோன வண்டிக்கு நான்கு கதவு வைத்தது நம்மவர்கள்தான். இந்த வண்டி அந்த நான்கு கதவு ரகம். முன்பக்கம் மொத்தமும் மட்கார்டு, விளக்கோடு சேர்ந்து முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். முன்சக்கரத்தின் மேல் திண்ணைபோல உட்கார்ந்து வேலை பார்க்கலாம். "அவர் அங்கேதான் உட்கார்ந்து கணக்கு எழுதுவார்" என்று அந்த அம்மையார் காட்டினார். பிறகு டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னிக்கு அடியிலிருந்து ஒரு நீல நிற நோட்டை எடுத்துக் கொடுத்தார். கிரீஸ் கறை படிந்த நாற்பது பக்கம். "உங்களில் யாரும் கேட்கவில்லையே" என்றார்.

முதல் கூட்டத்துக்குத் தேதி போட்டிருக்கிறது, ஆண்டு போடவில்லை. ஆனால் மூன்றாவது கூட்டத்தின் ஒரே பொருள் "ஈயம் இல்லாத பெட்ரோல்". ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நின்றது 2000-இல். ஈயம்தான் நம் பழைய இஞ்சின்களின் வால்வு உட்காரும் விளிம்பைத் தேயாமல் காத்தது; அது போனால் எல்லா வண்டியும் ஒரே வருடத்தில் படுத்துவிடும் என்று அன்று ஏழு பேர் பயந்திருக்கிறார்கள். கோவை கணபதிப் பகுதியில் ஒரு லேத் பட்டறையில் அந்த விளிம்புக்குக் கெட்டியான வளையம் கடைந்து இஞ்சின் ஹெட்டில் இறக்கலாம் என்று முடிவு. ஆக, சங்கம் தொடங்கியது 2000-ஐ ஒட்டி என்று எழுதியிருக்கிறேன். மூன்று நிறுவனர்களும் இதை ஏற்கவில்லை. எத்தனால் பற்றி இப்போது நாம் பயப்படும் பயம் அப்படியே அந்த நோட்டில் இருக்கிறது. அதனால் பயப்பட வேண்டாம் என்று சொல்லவில்லை. குழாயையும் டயஃப்ரத்தையும் மாற்றுங்கள், மாற்றுப் பொருள் விவரம் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது.

நோட்டில் இன்னொன்றும் இருந்தது. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அம்மையார் அதை எனக்கு முன்பே படித்துவிட்டார். ஐந்தாவது கூட்டத்தில் "சந்தா நிலுவை" என்று ஒரு பட்டியல். இரண்டாவது பெயர் என்னுடையது. இரண்டு ஆண்டுக்கு நூறு ரூபாய். அடைப்புக்குறிக்குள் "கேட்டால் அடுத்த வாரம் என்கிறார்". அந்தக் காலத்தில் ரசீதுப் புத்தகம் ஒழுங்காக இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். நான் கொடுத்ததாகத்தான் எனக்கு நினைவு. இருந்தாலும் இம்மாதம் மூன்றாம் தேதி நூறு ரூபாயைப் பொருளாளரிடம் கட்டி ரசீது வாங்கிவிட்டேன். ரசீது இந்த அறிக்கையுடன் இணைக்கப்பட்டிருக்கிறது.

இதைச் சொன்னபின் இன்றைய நிலுவையைச் சொல்லும் தகுதி எனக்கு வந்துவிட்டதாகக் கருதுகிறேன். ஆண்டுச் சந்தா 1,200 ரூபாய். அறுபத்தொரு பேரில் செலுத்தியவர்கள் இருபத்து மூன்று. ஒரு முறை பாலிஷ் போடும் செலவு அது. இதே உறுப்பினர்கள் உக்கடம் பழைய இரும்புக் கடையில் ஒரு கைப்பிடிக்கு மறுபேச்சில்லாமல் கேட்ட விலை கொடுப்பதை நான் கூடவே நின்று பார்த்திருக்கிறேன். பெயர்களைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை.

வரவு செலவு. இருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. வரவும் செலவும் ஏறத்தாழப் பொருந்துகின்றன. ஆடிட்டர் இரண்டு வவுச்சர் கேட்டிருந்தார், ஒன்று கிடைத்துவிட்டது. 1975 சங்கப் பதிவுச் சட்டப்படி பதிவாளருக்குத் தர வேண்டிய படிவங்கள் தயாராகி வருகின்றன. விவரம் வேண்டுவோர் பொருளாளரை அணுகலாம்.

வண்டிகளின் பதிவுப் புதுப்பித்தல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பதினைந்து ஆண்டு கடந்த காருக்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. அதைக் குறைக்கும் அதிகாரம் செயலாளருக்கு இல்லை. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021-இல் வந்த தனி விதியின்படி பதிந்துகொண்டால் பத்தாண்டுக்குக் கவலையில்லை. ஆனால் கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பராமரிப்பு இவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். அன்றாடம் ஓட்டக் கூடாது. தினமும் ஃபியட்டில் உழவர் சந்தைக்குப் போய்க் கீரை வாங்கி வரும் நம் உறுப்பினர், "கீரை வாங்குவது ஊர்வலத்தில் சேராதா?" என்று கேட்கிறார். சேராது.

நன்றி. மண்டபத்தைக் குறைந்த வாடகைக்குத் தந்தவருக்கு, தலைவருக்கு, பொருளாளருக்கு, செயற்குழுவுக்கு, குடும்பத்தாருக்கு. மெக்கானிக் பெரியவருக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. எந்த வால்வில் பழுது என்று கண்டுபிடிக்க, ஸ்க்ரூடிரைவரின் முனையை இஞ்சினின் டேப்பெட் மூடியில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு "மூன்றாவது" என்பார். திறந்து பார்த்தால் மூன்றாவதுதான். சென்ற பொங்கலிலிருந்து ஒரு காது சரியாகக் கேட்பதில்லை என்று என்னிடம் சொன்னார். அவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ள இரண்டு இளைஞர்களை அனுப்புங்கள் என்று மூன்று சுற்றறிக்கை விட்டேன். யாரும் வரவில்லை.

வரும் ஆண்டு. வரலாறு நான்கு அத்தியாயம் முடிந்திருக்கிறது. ஐந்தாவது, "உறுப்பினர்களும் வண்டிகளும்", படிவங்கள் வராததால் ஒன்பது பேரோடு நிற்கிறது. அச்சுக்கு மதிப்பீடு வாங்கியிருக்கிறேன். தொகையைச் சாப்பாட்டுக்கு முன் சொல்ல வேண்டாம் என்பது பொருளாளரின் கருத்து. புத்தகத்தில் படம் வருவோர் பிரதிக்கு முன்பணம் செலுத்தினால் வேலை நடக்கும். முன்பணத்தோடு சந்தாவையும் சேர்த்துச் செலுத்துவோர் பக்கம் வண்ணத்தில் வரும்.

செயலாளர் பொறுப்பில் இது எனக்கு ஆறாவது ஆண்டு. உடல்நிலையும் முன்போல இல்லை. பொறுப்பேற்க விரும்பும் எவரிடமும் முத்திரை, லெட்டர்பேட், நீல நோட்டு எல்லாவற்றையும் இன்றே ஒப்படைக்கத் தயார். விருப்பக் கடிதம் தர நேற்று மாலையுடன் காலக்கெடு முடிந்தது. எதுவும் வரவில்லை.

தலைவர் உரைக்குப் பின் மதிய உணவு. பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் கை கழுவும் இடத்தருகே உட்கார்ந்திருப்பார்.

இவண்,
செயலாளர்