ரயில் ஏறாத ஆட்டக்காரர்: தமிழ் மாணவர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தமிழ் மாணவர் சங்கம் நடத்தும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் பிறந்தால் உங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. புதிதாக வரும் பிள்ளைகளை ஏர்போர்ட்டிலிருந்து கூட்டி வரணும், வீடு பார்த்துத் தரணும், சிம் கார்டு, வங்கிக் கணக்கு, அப்புறம் அந்த முதல் ஃபுட்பால் மேட்ச். நாலு வாய்ப்புக்குள் பத்து கஜம் முன்னேறணும் என்பதில் தொடங்கி, டச்டவுனுக்கு ஏன் ஆறு புள்ளி என்பது வரை ஸ்டேடியப் படிக்கட்டில் உட்கார்ந்து பொறுமையாக விளக்குவீர்கள். அந்த நேரத்தில் கூடவே ஒரு பழைய கதையையும் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் இருப்பது நார்த் கரோலினாவில், டர்ஹமுக்குப் பக்கத்தில். ரோஸ் பவுல் ஒரு தடவை எங்கள் ஊரில் நடந்தது என்று இங்கே பழைய ஆட்கள் பெருமையாகச் சொல்வார்கள். கலிபோர்னியாவின் பாசடீனாவில் புத்தாண்டுக் கொண்டாட்டத்தோடு நடக்கும் கல்லூரி ஃபுட்பால் ஆட்டம் அது. 2021இல் கொரோனாவால் டெக்சஸுக்குப் போனபோது, இதற்கு முன் ஒரே ஒரு முறைதான் பாசடீனாவை விட்டு வெளியே போயிருக்கிறது, அது 1942இல் என்று எல்லோரும் மறுபடி அந்தக் கதையை எடுத்தார்கள். சொன்ன விதம்தான் எனக்கு ஒட்டவில்லை.

கதை 1941 சீசனில் தொடங்குகிறது. ஒரேகன் மாநிலத்தில் கார்வாலிஸ் என்ற சின்ன ஊரில் இருக்கும் ஒரேகன் ஸ்டேட் அப்போது ஒரு கல்லூரி. கோச் லான் ஸ்டைனர். முதல் ஆட்டத்திலேயே யு.எஸ்.சி.யிடம் 13-7 என்று தோற்றார்கள். அப்புறம் பிடித்தது பாருங்கள் ஒரு வேகம். முந்தைய ரோஸ் பவுலை ஜெயித்த ஸ்டான்ஃபோர்டை 10-0. யு.சி.எல்.ஏ.வை 19-0. ஒன்பது ஆட்டத்தில் ஏழு வெற்றி, அதில் ஐந்தில் எதிரணிக்கு ஒரு புள்ளிகூடத் தரவில்லை. நவம்பர் 29 அன்று பக்கத்து ஊர்ப் பங்காளிகளான ஒரேகன் பல்கலைக்கழகத்தை 12-7 என்று வென்றதும், அந்தக் கல்லூரிக்கு முதல் முறையாக ரோஸ் பவுல் வாய்ப்பு. எதிரணி, அந்த சீசனில் தோல்வியே காணாத, எங்கள் டர்ஹமின் டியூக் பல்கலைக்கழகம்.

எட்டே நாளில் ஹவாயில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கியது.

அமெரிக்க மேற்குக் கரையின் ராணுவப் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்தவர் லெப்டினன்ட் ஜெனரல் ஜான் டிவிட். இவ்வளவு கூட்டம் ஓரிடத்தில் கூடினால் ஜப்பான் விமானங்களுக்கு நல்ல இலக்காகிவிடும், பாசடீனாவில் ஆட்டம் வேண்டாம் என்றார். அப்படியானால் எங்கள் ஊருக்கு வாருங்கள் என்று டியூக் கூப்பிட்டது. சேப்பல் ஹில்லிலும் ராலேயிலும் இருந்த போட்டிக் கல்லூரிகளிடமிருந்து இருக்கைகளை இரவல் வாங்கிப் போட்டார்கள். ஒரேகன் ஸ்டேட் அணி நாட்டையே குறுக்கே கடந்து ரயிலில் வந்து சேர்ந்தது.

அந்த ரயிலில் ஜாக் யோஷிஹாரா இல்லை. ஜப்பானில் பிறந்து, குழந்தையாக அமெரிக்கா வந்து, போர்ட்லாண்டில் வளர்ந்த பையன். அந்த அணியில் ஒருவர். பயிற்சி நடந்துகொண்டிருந்த மைதானத்துக்கே எஃப்.பி.ஐ. ஆட்கள் வந்து, இவர் பயணம் போக முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பிறந்த நாட்டைத் தவிர அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

1942 ஜனவரி 1. குளிர், நசநசவென்று மழை, சுமார் 56,000 பேர். டியூக்தான் ஜெயிக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். இடைவேளையில் 7-7. மூன்றாவது கால்பகுதியில் 14-14. பாப் டெத்மன் எறிந்த பந்தை ஜீன் கிரே பிடித்துக்கொண்டு ஓடிய அந்த 68 கஜ டச்டவுனில் டியூக் கதை முடிந்தது. கடைசியில் 20-16. ஒரேகன் ஸ்டேட் அதற்குப் பிறகும் ரோஸ் பவுல் ஆடியிருக்கிறது. இன்றுவரை அவர்கள் ஜெயித்த ஒரே ரோஸ் பவுல் டர்ஹம் சேற்றில் ஜெயித்ததுதான்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் வழக்கமாக உருக்கமாகச் சொல்லப்படும் பகுதி. உருக வேண்டிய விஷயம்தான், மறுக்கவில்லை. இரண்டு அணிப் பையன்களும் பெரும்பாலும் சீருடை மாட்டிக்கொண்டு போரில் இறங்கினார்கள். டியூக்கின் கோச் வாலஸ் வேட், முதல் உலகப் போரிலேயே பணியாற்றியவர், 49 வயதில் மறுபடி ராணுவத்தில் சேர்ந்தார். இத்தாலியில் காயம்பட்டுக் கிடந்த டியூக்கின் சார்லஸ் ஹேன்ஸைத் தூக்கிக் காப்பாற்றியவர்களில் ஒருவர், ஒரேகன் ஸ்டேட்டில் ஆடிய ஃபிராங்க் பார்க்கர். டியூக் தரப்பில் மூன்று பேர், ஒரேகன் ஸ்டேட் தரப்பில் ஒருவர் திரும்பவே இல்லை. அந்த 68 கஜப் பந்தைப் பிடித்த கிரே ஜெர்மனி மேல் குண்டுவீச்சு விமானம் ஓட்டிவிட்டுப் பத்திரமாகத் திரும்பினார். போர் முடிந்த பின் நடந்த ஒரு விமான விபத்தில் இரண்டு கைகளையும் இழந்தார்.

சரி, டிவிட்டுக்கு வருவோம். ஆட்டத்தை இடம் மாற்றிய மனிதர் என்ற அளவில் அவர் இந்தக் கதையில் தலைகாட்டிவிட்டுப் போய்விடுகிறார். ஆனால் மேற்குக் கரையிலிருந்து ஜப்பானிய வம்சாவளி மக்களை மொத்தமாக அகற்ற வேண்டும் என்று அடுத்த பிப்ரவரியில் பரிந்துரை எழுதியவரும் அவரேதான். 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட், அப்படி மக்களை வெளியேற்ற ராணுவத்துக்கு அதிகாரம் தரும் ஆணை 9066இல் கையெழுத்திட்டார். சுமார் 1,20,000 பேர் வீடு, கடை, வயல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முள்வேலிக்குள் போனார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். போர்ட்லாண்டில் அவர்களை முதலில் அடைத்தது கால்நடைக் கண்காட்சிக் கொட்டகையில். மாடு கட்டிய இடத்தில் பலகை போட்டு மறைத்து, குடும்பம் குடும்பமாக. யோஷிஹாராவும் கடைசியில் போனது ஐடஹோவின் மினிடோகா முகாமுக்குத்தான்.

ஆட்டத்தை நகர்த்தியதும் ஆட்களை நகர்த்தியதும் ஒரே அலுவலகம், நடுவே சில வாரங்கள்தான் இடைவெளி. முதலாவது சுவாரசியமான விளையாட்டுத் துணுக்காகவும், இரண்டாவது வேறெங்கோ நடந்த வரலாறாகவும் பிரித்துச் சொல்லப்படுவதுதான் என் வருத்தம். யோஷிஹாரா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். அவரை விட்டுவிட்டால் அது பாதிக் கதை.

இதை ஏன் தமிழ்ப் பிள்ளைகளிடம் சொல்லணும் என்று கேட்பீர்கள். யோஷிஹாரா நினைத்தாலும் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியிருக்க முடியாது. பிறப்பால் குடிமகன் அல்லாத ஆசியருக்கு அன்றைய சட்டம் அதைத் தரவில்லை. நம்மவர்களுக்கும் இதே கதிதான். அதே ஒரேகன் மாநிலத்தில் பகத் சிங் திந்த் என்று ஒரு பஞ்சாபி இருந்தார். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றி நற்சான்றோடு வெளியே வந்தவர். ஒரேகனில் ஒரு நீதிமன்றம் அவருக்குக் குடியுரிமை கொடுத்தது. உச்ச நீதிமன்றம், இந்தியர் ‘வெள்ளையர்’ என்ற வரையறைக்குள் வரமாட்டார் என்று அதை ரத்து செய்தது. தீர்ப்பு வந்த நாள் 1923 பிப்ரவரி 19. ஆணை 9066க்கும் அதே தேதி என்பது தற்செயல்தான், ஆனாலும் காலண்டரில் அந்த நாளைப் பார்த்தால் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிடும். இந்தியருக்கு அந்தக் கதவு 1946இல் திறந்தது, ஜப்பானியருக்கு 1952இல்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த ஆட்டத்துக்கு இடம் கொடுத்து நாட்டின் பாராட்டை வாங்கிக்கொண்ட டியூக், கறுப்பின மாணவர்களை இளங்கலைப் படிப்பில் சேர்த்துக்கொண்டது 1963இல்தான். 

2008இல் ஒரேகன் ஸ்டேட், போரால் படிப்பைப் பறிகொடுத்த ஜப்பானிய அமெரிக்க மாணவர்களுக்குக் கௌரவப் பட்டம் தந்தது. அவர்களில் யோஷிஹாராவும் உண்டு. மறு வருஷம் காலமானார். நல்ல காரியம், செய்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். அதோடு கணக்குத் தீர்ந்தது என்று சொல்கிறவர்களோடு மட்டும் எனக்கு ஒத்துப்போகவில்லை. இருபது வயதுப் பையன் தவறவிட்ட ஆட்டத்துக்கு எண்பது தாண்டிய கிழவருக்குப் பட்டம் எப்படி ஈடாகும்?

புதுப் பிள்ளைகளைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. விசா கவலையே அவர்களுக்குப் போதும் போதும் என்று இருக்கும். பெரிய கூட்டம், பேச்சாளர், பொன்னாடை எதுவும் வேண்டாம். முதல் மேட்ச்சுக்கு முன்னால், பார்க்கிங்கில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டு நிற்கும்போது ஒரு பத்து நிமிஷம் போதும். ஸ்கோரைச் சொல்லுங்கள், கிரே ஓடிய ஓட்டத்தைச் சொல்லுங்கள், அப்படியே ரயில் ஏறாதவரையும் சொல்லுங்கள். உங்கள் பல்கலைக்கழகத்திலும் 1942இல் பாதியில் நின்றுபோன மாணவர்கள் இருந்திருக்கலாம். நூலகத்துப் பழைய ஆவணப் பிரிவில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். மேற்குக் கரைச் சங்கங்கள் அதைத்தான் முதலில் செய்யணும்.

டர்ஹம், சேப்பல் ஹில், ராலே பக்கம் இருக்கிறவர்கள் எனக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பத்து நிமிஷத்தை நானே வந்து பேசிவிடுகிறேன். அன்றைய டியூக் ஸ்டேடியம்தான் இன்றைக்கு வாலஸ் வேட் ஸ்டேடியம், அங்கேயே நின்று பேசலாம். புளியோதரை மட்டும் உங்கள் பொறுப்பு.

அன்புடன்,
டர்ஹம் பக்கத்திலிருந்து உங்கள் அண்ணன் ஒருவன்