மாமனார் கொடுத்த வழிச்செலவு

அன்புள்ள கண்ணம்மா,

பெர்லினிலிருந்து திரும்பி மூன்று வாரமாகிவிட்டது. பழைய தேசியக் கலைக்கூடத்தில் நாம் பார்த்த அந்த இளவரசிகளின், அக்கா தங்கை பளிங்குச் சிலை இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை. அக்கா லூயிஸின் தாடைக்குக் கீழே சுற்றிய துணியைக்கூட சிற்பி ஷாடோ எவ்வளவு மென்மையாகச் செதுக்கியிருக்கிறார்! அதைப் போய் அரசருக்குப் பிடிக்கவில்லையென்று வெகுகாலம் யார் கண்ணிலும் படாமல் வைத்திருந்தார்களாம்.

ஊருக்கு வந்ததும் அந்த ஷாடோவைப் பற்றித் தேடிப் படித்தேன். 1764இல் பெர்லினில் பிறந்தவர், ஒரு ஏழைத் தையல்காரரின் மகன். அரண்மனைச் சிற்பி டாஸார்ட்டிடம் தொழில் பழகினார். குருவே தன் பெண்ணைக் கொடுக்க முன்வந்தார். இவர் மனதிலோ மரியானே இருந்தாள், யூத நகை வியாபாரி ஒருவரின் மகள். 1785இல் இருவரும் வியன்னாவுக்கு ஓடிப்போனார்கள். அப்போது இவருக்கு 21 வயது.

அந்தப் பெண்ணின் அப்பா என்ன செய்தார் தெரியுமா? மன்னித்தார். அதோடு விடாமல், இத்தாலிக்குப் போய்ச் சிற்பம் படிக்கப் பணமும் கொடுத்தார். ரோமில் இவர் கற்றதெல்லாம் அந்தப் பணத்தில்தான். 1788இல் குருவின் பதவியே இவருக்கு வந்தது. பிராண்டன்பர்க் வாசலின் மேல் நீ காட்டிய நான்கு குதிரைத் தேரும் இவர் வடிவமைத்ததுதான். 1806இல் நெப்போலியன் அதைப் பாரிசுக்கு எடுத்துப் போக, 1814இல் திரும்பி வந்தது.

எனக்கு அந்த மாமனாரின் நினைப்பாகவே இருக்கிறது. உன் கல்யாணத்துக்கு நான் வரவில்லை. இரண்டு வருஷம் உன்னோடு பேசவும் இல்லை. அம்மா போனில் பேசும்போது பக்கத்து அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான்.

அதே கலைக்கூடத்தில் எட்டு வயதில் இறந்துபோன அரசகுமாரனின் கல்லறைச் சிற்பம் இருந்ததே, தூங்குவதுபோல் படுத்திருப்பானே, அதையும் இளம் வயதில் ஷாடோதான் செய்தார். ரோமில் பிறந்த அவருடைய மூத்த மகன் ரிடோல்ஃபோவும் சிற்பியானான். 1822இல் அதே ரோமில், 35 வயதில் இறந்தான். அப்பா பெர்லினில், பிள்ளை ரோமில். இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை கண்ணு.

சரி, ஒரு விஷயம். உன் கல்யாணத்துக்கென்று சேர்த்த பணம் அப்படியே கிடந்தது. நேற்று உன் கணக்குக்கு அனுப்பிவிட்டேன். நீயும் மாப்பிள்ளையும் ரோமுக்குப் போய்வாருங்கள். நான் அவரை மாப்பிள்ளை என்று எழுதியிருப்பதை அவரிடம் காட்டு.

அன்புடன்,
அப்பா