பி.வி.சி. இல்லை என்று விற்ற நாணய ஆல்பம் பற்றிய புகார்

அனுப்புநர்: தங்கள் வாடிக்கையாளர், கும்பகோணம்.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: தவறான விளம்பரத்தால் என் பழங்காசுகளுக்கு ஏற்பட்ட சேதம் – பணத்தைத் திருப்பித் தருதலும் இழப்பீடும் கோருதல்.

ஐயா,

வணக்கம். உங்களிடம் ஒரு நாணய ஆல்பமும், காசுகளைச் செருகி வைக்கும் அதன் பிளாஸ்டிக் தாள்களை அப்படியே பொருத்திச் சுவரில் மாட்டக்கூடிய கண்ணாடிப் பெட்டியும் ஆன்லைனில் வாங்கினேன். 'பி.வி.சி. கலக்காத தாள்கள், பழைய நாணயங்களுக்கு முழுப் பாதுகாப்பு' என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். சந்தையில் கிடைக்கும் மற்ற ஆல்பங்களைவிட விலை அதிகம் என்றாலும் அந்த ஒரு வரிக்காகத்தான் வாங்கினேன். மழைக்காலம் முடிவதற்குள் செம்புக் காசுகளில் பச்சையாக ஒரு பிசுபிசுப்பு படிந்துவிட்டது. விரலால் தொட்டால் ஒட்டுகிறது.

கெட்டுப்போனவை என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் கடற்கரையில் வியாபாரம் செய்ய வந்த ஐரோப்பியக் கம்பெனிகளின் காசுகளை மட்டும் சேர்ப்பவன் நான். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் வெளியிட்ட, டென்மார்க் அரசர் ஏழாம் கிறிஸ்தியனின் முத்திரை உள்ள செம்புக் காசுகள். ஒரு பக்கம் பிரெஞ்சு அல்லி மலரும் மறுபக்கம் தமிழில் 'புதுச்சேரி' என்ற எழுத்தும் உள்ள தடித்த சின்ன 'டூடூ' என்ற பிரெஞ்சுக்காரர்களின் செம்புக் காசு. இங்கிலாந்தில் அச்சடித்து மதராஸுக்குக் கப்பலேற்றிய 1808ஆம் ஆண்டு எக்ஸ்எக்ஸ் காஷ், அதாவது இருபது காசு நாணயம். இவற்றில் தங்கம் கிடையாது, பெரிய விலையும் கிடையாது. ஆனால் தரங்கம்பாடிக் கோட்டையைப் பார்க்கப் போகிறவர்களில் எத்தனை பேர் அந்த ஊர்க் காசைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பார்கள்? அதனால்தான் பீரோவில் பூட்டி வைக்காமல், வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று கூடத்துச் சுவரில் மாட்ட ஆசைப்பட்டேன்.

உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு போன் செய்தபோது, "உங்க ஊர் ஈரப்பதம் சார், நாங்க என்ன பண்ண முடியும்" என்றார்கள். சரி, ஈரப்பதம்தான் காரணம் என்றே வைத்துக்கொள்வோம். அதே தரங்கம்பாடிக் காசுகளில் என்னிடம் இரட்டையாக இருந்தவை, மைலார் என்ற ஒளி ஊடுருவும் பாலியெஸ்டர் பிளாஸ்டிக்கால் ஜன்னல் வைத்த பழைய அட்டைச் சட்டங்களில் ஸ்டேப்பிள் அடித்தபடி அதே கூடத்து அலமாரியில் இருக்கின்றன. அவற்றுக்கும் இதே கும்பகோணத்து மழைதான். ஒரு புள்ளிகூடப் பச்சை இல்லை.

சந்தேகம் தீர, பள்ளியில் வேதியியல் நடத்தும் நண்பரிடம் உங்கள் தாளில் ஓர் ஓரத்தை வெட்டிக் கொடுத்தேன். பழுக்கக் காய்ச்சிய தாமிரக் கம்பியை அந்தப் பிளாஸ்டிக்கில் தொட்டு மறுபடி தீயில் காட்டினார். சுடர் பளிச்சென்று பச்சையாக எரிந்தது. குளோரின் இருந்தால் அப்படித்தான் எரியும். இதற்குப் பெயில்ஸ்டைன் சோதனை என்று பெயர். பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கிலோ மைலாரிலோ குளோரின் கிடையாது. பி.வி.சி.யில் உண்டு. அதை வளைக்கும்படி மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் நாளாக ஆக வெளியே கசியும், பி.வி.சி.யும் மெல்லச் சிதைந்து அமில வாயுவை விடும். ஈரம் சேர்ந்தால் அது செம்பை அரிக்கும். ஆல்பத்தைப் பிரித்த அன்றே புது ரெக்சின் பையின் வாடை அடித்ததற்கு அர்த்தம் இப்போதுதான் விளங்குகிறது.

கண்ணாடிப் பெட்டியின் முதுகில் வைத்திருப்பது எம்.டி.எஃப். பலகை, அதாவது மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்தது. அந்தப் பலகையும் அதன் பசையும் அமில ஆவியை விடும் என்பதால் ஈயப் பொருள்களை அதனருகே வைக்கக்கூடாது. டேனிஷ்காரர்களின் ஆரம்பகாலக் காசுகள் ஈயத்தால் ஆனவை. என்னிடம் இருந்த ஒரே ஈயக் காசில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. பழைய நாணயங்களுக்கென்றே செய்த பெட்டி என்று விற்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அடுத்து உங்கள் ஊழியர் சொன்னதுதான் தாங்கவில்லை: "கூடவே ஃப்ரீயா ஒரு பாலிஷ் அனுப்பியிருக்கோமே சார், அதைப் போட்டுத் துடைச்சீங்கன்னா புதுசு மாதிரி ஆயிடும்." இருநூறு வருடத்துக் காசு புதுசு மாதிரி ஆவதற்கா நான் இத்தனை பாடுபட்டுச் சேர்த்தேன்? காலம் ஏற்றிய அந்தப் பழுப்பு நிறத்தைத் தேய்த்து எடுத்துவிட்டால், எந்தச் சேகரிப்பாளரும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார். எங்கள் ஊர்ப் பாத்திரக்கடைகளுக்கு வேண்டுமானால் அந்தப் புட்டியை அனுப்புங்கள், குத்துவிளக்கு துலக்க உதவும். நாணய ஆல்பத்தோடு அதை இலவசமாகக் கொடுப்பதே தப்பு. தெரியாமல் வாங்கும் பள்ளிப் பிள்ளைகள் தாத்தா கொடுத்த காசையெல்லாம் தேய்த்து வைத்துவிடுவார்கள்.

நண்பரின் யோசனைப்படி சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்துப் பிசுபிசுப்பை எடுத்துவிட்டேன். ஆனால் பல காசுகளில் அடியில் பள்ளம் விழுந்துவிட்டது. டூடூவில் 'ரி' எழுத்து பாதி இல்லை. அது திரும்ப வராது.

ஆகவே, ஆல்பத்துக்கும் பெட்டிக்கும் நான் கொடுத்த முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். அரித்துப்போன காசுகளுக்கு, நான் வாங்கிய பில் இருக்கும் அளவிலாவது இழப்பீடு தர வேண்டும். விளம்பரத்திலிருந்து அந்த வரியை நீக்க வேண்டும். அப்புறம், இதே தாள்களை வாங்கிய மற்றவர்களுக்கும் காசுகளை உடனே வெளியே எடுக்கும்படி தகவல் அனுப்ப வேண்டும். என் பணத்தைவிட எனக்கு இதுதான் அவசரம், ஏனென்றால் அடுத்த மழைக்காலம் அவர்களுக்கும் வரும்.

பதினைந்து நாட்களுக்குள் எழுத்து மூலமாகப் பதில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி எங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். நான் வசிக்கும் ஊரிலேயே தொடுக்கச் சட்டம் இடம் தருகிறது.

பில் நகல், உங்கள் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், காசுகளின் முந்தைய, இப்போதைய படங்கள், வெட்டிய தாளின் ஒரு துண்டு ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். பாலிஷ் புட்டி திறக்காமல் அப்படியே இருக்கிறது; ஆல்பத்தை எடுக்க வரும் உங்கள் ஆள் அதையும் கொண்டுபோகலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்