ஜெனரேற்றர் பாடினால் முதல்ல பெயாரிங்கைப் பாருங்கோ

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன கிழமை உங்கட பேப்பரில வாகனப் பக்கத்தில ஹைபிரிட் வண்டியளைப் பற்றி வந்ததை வாசிச்சனான், நல்லாத்தான் எழுதியிருந்தவை, ஆனால் கடைசிப் பந்தியில மைல்ட் ஹைபிரிட் ட்ரக்கில மோட்டர் ஜெனரேற்றருக்குப் பராமரிப்பே தேவையில்லை, பழுதானால் முழுசா மாத்தவேண்டியதுதான் எண்டு ஒரு வரி போட்டிருந்தீங்கள் பாருங்கோ, அதைக் கண்ட உடன தேத்தண்ணிக் கோப்பையைக் கீழ வைச்சிட்டு இதை எழுதத் தொடங்கினன். அந்த ஒரு வரியை நம்பியிருந்தால் என்ர 2,600 டொலர் போயிருக்கும்.

நான் ரொறன்ரோ ஸ்காபரோவில தரை ஓடு பதிக்கிற வேலை. என்ர ட்ரக் 48 வோல்ட் மைல்ட் ஹைபிரிட் பிக்கப், செகண்ட் ஹாண்டா வாங்கினது, பின்னால எப்பவும் ஓட்டுப் பெட்டியும் சீமெந்துப் பையும் கிடக்கும். கொம்பனி பேர் வேண்டாம், பெயாரிங், அதுதான் சுத்துற தண்டைத் தாங்கிற குண்டு வளையம், எல்லாற்ற வண்டியிலயும் தேயும். போன மாசி மாதம் ஒருநாள் காலமை மார்க்கம் றோட்டில ஏறேக்கை பொனெட்டுக்குள்ள இருந்து ஒரு சத்தம், முதல்ல நுளம்பு மாதிரித்தான் இருந்தது, ரெண்டு கிழமையில ஆரோ பக்கத்து மண்டபத்தில நாதஸ்வரத்துக்குச் சுருதி பிடிக்கிற மாதிரி வந்திட்டுது. அக்ஸிலரேற்றரை மிதிச்சால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். மனிசி சொன்னா, நீங்கள் வாறது நாலு வீட்டுக்கு அங்கால கேக்குது, தோசைக்கல்லை அடுப்பில வைக்க வசதியாத்தான் இருக்கு எண்டு.

டீலரிட்டக் கொண்டுபோனன். அங்க நிண்ட பெடியன் எங்கட பெடியன்தான், லப்டொப்பைக் கொழுவிப் பாத்திட்டு, பிழைக் கோட் ஒண்டும் இல்லை அங்கிள், ஆனால் ஜெனரேற்றர் யூனிட் போயிட்டுது, முழுசா மாத்தவேணும், கூலியோட 2,600 வரும் எண்டான். தம்பி, பெயாரிங் மட்டும் மாத்த ஏலாதோ எண்டு கேட்டன். அப்பிடி ஒரு சாமான் நம்பரே சிஸ்டத்தில இல்லை எண்டான். அவன் பொய் சொல்லேல்ல, ஸ்கிரீனைத் திருப்பியும் காட்டினான், படத்தில அந்த மெஷின் ஒரே துண்டாத்தான் கிடக்கு, உள்ளுக்கு ஒண்டையும் பிரிச்சுக் காட்டேல்ல. அவனை நான் குறை சொல்லமாட்டன். குறை அந்தப் படத்தைக் கீறினவையில.

இந்த மைல்ட் ஹைபிரிட்டைக் கனபேர் பெற்றரியில தனிய ஓடுற சாமான் எண்டு நினைக்கினம். ஓடாது. வழமையா எஞ்சினால சுத்திக் கரண்ட் எடுக்கிற அல்ரனேற்றர் இருக்கிற இடத்தில கொஞ்சம் பெரிய மெஷின் ஒண்டைப் பூட்டி பெல்டால எஞ்சினோட கொழுவியிருக்கு, அவ்வளவுதான். பிறேக் பிடிக்கேக்கை அது ஜெனரேற்றராகி 48 வோல்ட் பெற்றரிக்குச் சார்ஜ் ஏத்தும், சிவப்பு லைற்றில நிண்ட எஞ்சினைத் திரும்ப எடுக்கேக்கை அதே மெஷின் மோட்டராகி எஞ்சினைச் சுத்திவிடும், வெளிக்கிடேக்கை பின்னால நிண்டு ஒருத்தன் தள்ளிவிடுற மாதிரி ஒரு கை குடுக்கும். லைற்றுக்கும் றேடியோவுக்கும் 48 ஐ 12 ஆக இறக்கிக் குடுக்க தனியா ஒரு கன்வேட்டர். 90 களில பொருளாதாரத் தடை நேரம் யாழ்ப்பாணத்தில சைக்கிளைக் கவிட்டு வைச்சு பெடலைச் சுத்தி டைனமோவில றேடியோச் செய்தி கேட்ட சனம் நாங்கள், எங்களுக்கு ஜெனரேற்றரைப் பற்றி ஆரும் பயங்காட்டத் தேவையில்லை. எவ்வளவு எலெக்ட்ரோனிக்ஸ் வைச்சாலும் நடுவில ஒரு தண்டு சுத்தவேணும், தண்டு சுத்தவேணுமெண்டால் முன்னுக்கும் பின்னுக்கும் பெயாரிங் வேணும்.

சாதாரண அல்ரனேற்றரை விட இதில பெயாரிங்குக்குப் பாடு கூட. அல்ரனேற்றரில பெல்ட் எப்பவும் ஒரு பக்கம்தான் இறுகும், ஏனெண்டால் எஞ்சின்தான் எப்பவும் அதைச் சுத்துறது. இதில சார்ஜ் பண்ணேக்கை ஒரு பக்கம் இறுகும், மோட்டரா நிண்டு எஞ்சினைச் சுத்தேக்கை மற்றப் பக்கம் இறுகும், அதைத் தாங்கத்தான் பெல்டை இறுக்கிப் பிடிக்கிற ரென்ஷனரையும் ரெண்டு பக்கமும் வேலை செய்யிற மாதிரிப் போட்டிருக்கிறாங்கள், பெல்டையும் நல்லா இறுக்கித்தான் வைக்கவேணும். 401 நெடுஞ்சாலையில பின்னேரம் நிண்டு நிண்டு போற ஆக்களுக்குத் தெரியும் ஒரு மணித்தியாலத்தில எத்தினை தரம் எஞ்சின் நிண்டு எடுக்குமெண்டு. ஒவ்வொரு தரமும் கப்பிப் பக்கத்துப் பெயாரிங்தான் இழுவையை வாங்குறது. அதோட கப்பி சின்னது, எஞ்சின் ஒருக்காச் சுத்த இது ரெண்டு மூண்டு தரம் சுத்தும். மிச்சத்தை இந்த ஊர் றோட்டு உப்பு பாத்துக்கொள்ளும்.

சத்தம் கேட்ட உடன ஜெனரேற்றர்தான் எண்டு முடிவு கட்டாதேங்கோ. ரென்ஷனர் கப்பி, பெல்டுக்கு வழிகாட்டுற ஐட்லர் கப்பி, தண்ணிப் பம்ப் எல்லாம் அதே பெல்டில ஓடினால் எல்லாத்துக்கும் ஒரே குரல்தான். நான் பாத்தது பழைய முறை: நீட்டு ஸ்குரூ டிரைவரின்ர முனையை ஒவ்வொண்டின்ர உடம்பிலயும் ஊண்டி பிடியைக் காதில வைச்சுக் கேக்கிறது (சேட்டுக் கையும் கழுத்துத் துண்டும் பெல்டில படாமல், இதைச் சொல்லாமல் விட்டால் என்ர மனிசி என்னை விடமாட்டா). மற்றதெல்லாம் சும்மா உறுமிச்சுது, ஜெனரேற்றரில வைச்ச உடன மண்ணை அம்மியில அரைக்கிற மாதிரிக் கேட்டுது. பிறகு எஞ்சினை நிப்பாட்டி பெல்டைக் கழட்டிக் கையால சுத்திப் பாத்தன், நல்ல கப்பி எண்ணெய் மாதிரிச் சுத்தும், இது கறகறவெண்டு பல்லுப் பல்லா விழுந்துது, ஆட்டிப் பாக்க ஒரு மயிரிழை ஆட்டமும் இருந்தது.

கழட்டினது பிக்கறிங்கில ஒரு சிநேகிதன்ர கராஜில, அவனிட்டச் சாமானை அமத்தி ஏத்துற பிரஸ் மெஷின் இருக்கு, அதில்லாமல் இந்த வேலையைத் தொடவேண்டாம். கழட்ட முந்தி கரண்டைப் பற்றிச் சொல்லவேணும். 48 வோல்ட் எண்டபடியால் பெரிய ஹைபிரிட்டில வாற ஒரேஞ்ச் வயர் இதில இல்லை, அது 60 வோல்ட் டீசிக்கு மேல போற வண்டியளுக்கு. அதைப் பாத்திட்டு இது சும்மா பெற்றரிதானே எண்டு ஸ்பானரைப் போடுறவை இருக்கினம். 12 வோல்டில பொறி பறந்து அணைஞ்சிடும், 48 இல பொறி இழுபட்டு நிண்டு எரியும், வெல்டிங் மாதிரி. மனுவலில சொன்ன ஒழுங்கில 12 வோல்ட் பெற்றரியையும் 48 இன்ர துண்டிப்பையும் கழட்டி, உள்ளுக்குக் கரண்டைச் சேத்து வைச்சிருக்கிற கப்பாசிற்றர் இறங்கும்வரை நிண்டு, மீற்றர் வைச்சுப் பாத்திட்டுத்தான் நாங்கள் கை வைச்சது. என்ர காத்தில குளிருற சாதி, தண்ணியில குளிருற மாடலெண்டால் கூலன்ட் வடிக்கிற மினக்கேடும் இருக்கு. பின்பக்க மூடிக்குள்ள தண்டு எந்தக் கோணத்தில நிக்குது எண்டு பாக்கிற சென்சர் ஒண்டு இருக்கு, அது இருந்த இடத்தை மார்க் பண்ணிப்போட்டுத்தான் கழட்டவேணும், கொஞ்சம் திரும்பினாலும் மோட்டர் வேலை ஒழுங்காச் செய்யாது.

பழைய பெயாரிங் ரெண்டும் இழுத்துக் கழட்டுற புல்லரில வந்திட்டுது. நம்பர் அதின்ர விளிம்பிலயே அடிச்சுக் கிடந்தது, ஒண்டு 6303, மற்றது 6003. இந்த நம்பருக்குள்ளயே அளவு இருக்கு, கனபேருக்குத் தெரியாது. கடைசி ரெண்டு இலக்கமும் உள்விட்டம்: 00 எண்டால் 10 மில்லிமீற்றர், 01 எண்டால் 12, 02 எண்டால் 15, 03 எண்டால் 17, 04 இலயிருந்து 5 ஆல பெருக்கவேணும். 6303 இன்ர வெளிவிட்டம் 47, தடிப்பு 14. 6003 க்கு 35 உம் 10 உம். உங்கட வண்டியில வேற நம்பர் கிடக்கும், அதை வாசியுங்கோ, வேர்னியர் வைச்சு அளந்தும் பாருங்கோ. நம்பருக்குப் பின்னால வாற எழுத்தை விட்டிடாதேங்கோ, 2ஆர்எஸ் எண்டால் ரெண்டு பக்கமும் றப்பர் மூடி, ரெண்டு இசெட் எண்டால் தகர மூடி, சி3 எண்டால் சூட்டில விரிய உள்ளுக்குக் கொஞ்சம் கூட இடைவெளி விட்டது. பழசில சி3 எண்டு இருக்க, மலிவாக் கிடைக்குதெண்டு அது இல்லாததைப் போட்டால் சூடேறிப் பிடிக்கலாம். நான் பெயாரிங் மட்டும் விக்கிற கடைக்குப் போய், வேகத்துக்கும் சூட்டுக்கும் தாங்கிற நல்ல கொம்பனி சாமானாக் கேட்டு வாங்கினன், ரெண்டும் வரியோட 60 டொலர் வரேல்ல. கவுண்டரில நிண்ட வெள்ளைக்காரக் கிழவன் பழசை விரலில வைச்சு ஒரு சுத்து சுத்திப்போட்டு ஒண்டும் கேக்காமல் உள்ள போய் எடுத்துக்கொண்டு வந்தான், யாழ்ப்பாணத்து ஸ்ரான்லி றோட்டு மோட்டர் சாமான் கடையில நிண்ட மாதிரி இருந்தது எனக்கு.

நான் விட்ட பிழையையும் எழுதத்தான் வேணும். முதல் 6303 ஐ ஏத்தேக்கை அவசரத்தில பைப்பை வெளி வளையத்தில வைச்சு பிரஸ்ஸை இறக்கிப்போட்டன். தண்டில இறுகிறது உள் வளையம், அமத்தினது வெளி வளையத்தில, அப்ப அந்த அமுக்கம் முழுக்க நடுவில கிடக்கிற குண்டுகளுக்குள்ளால போகுது. கையில சுத்திப் பாத்தால் புதுப் பெயாரிங் டிக் டிக் எண்டுது. 30 டொலர் குப்பையில. தண்டில ஏத்தேக்கை உள் வளையத்தில அமத்தவேணும், கூட்டுக்குள்ள இறக்கேக்கை வெளி வளையத்தில அமத்தவேணும், சுத்தியலை அலுமாரியில வைச்சுப் பூட்டவேணும்.

ரெண்டாவதை வாங்கிக்கொண்டு வந்து, றோட்டரை, அதுதான் தண்டோட சேந்து நடுவில சுத்துற துண்டை, பொலித்தீன் பையில சுத்தி சிநேகிதன்ர டீப் ஃபிரீசரில ஓர் இரவு வைச்சம், ஒடியல் மாவுக்கும் விளைமீனுக்கும் நடுவில. மைனஸ் 20 இல ஓடுற சாமானுக்கு ஃபிரீசர் என்ன குளிர். காலமை அவன்ர மனிசி ஆட்டுக்கால் எண்டு நினைச்சு வெளியில எடுத்து வைச்சிட்டா, அது வேற கதை. திரும்பக் குளிராக்கி, துணியால ஈரம் துடைச்சு, பெயாரிங்கை மேசை விளக்கு பல்ப்புக்கு மேல வைச்சு கை பொறுக்கிற சூட்டை விடக் கொஞ்சம் கூட ஆக்கி (கிறீஸ் அடைச்சு மூடின சாமான், 80 பாகைக்கு மேல போகவே கூடாது) ஏத்தினன். அரைவாசி தூரம் தானா இறங்கிச்சுது, மிச்சத்துக்குப் பிரஸ் ஒரு தட்டு.

பழசு ரெண்டையும் கிறைண்டரால வெட்டிப் பாத்தன், அது என்ர ஆசை. கப்பிப் பக்கத்தில கிறீஸ் காய்ஞ்சு கருகின எள்ளுப்பாகு மாதிரி, குண்டு ஓடுற பாதையில தோல் உரிஞ்சு கிடந்தது. பின்பக்கத்தில வேற மாதிரி, பாதை முழுக்க ஒரே இடைவெளியில குறுக்குக் கோடு, தகரக் கூரை மாதிரி. அது தேய்மானமில்லை, பெற்றரிக் கரண்டை மாத்தி மோட்டரை ஓட்டுற இன்வேட்டரில இருந்து கசியிற கரண்ட் தண்டு வழியா வந்து பெயாரிங்குக்குள்ளால பாய்ஞ்சு சுட்ட அடையாளம். அதுக்காகத்தான் சில மோட்டருக்கு செராமிக் குண்டு போட்ட பெயாரிங் வருது, அதுக்குள்ளால கரண்ட் பாயாது. உள்ள இருந்த சாமான் செராமிக் எண்டால் திரும்ப அதைத்தான் போடவேணும், விலை கூடத்தான்.

எல்லாரும் கழட்டுங்கோ எண்டு நான் சொல்லேல்ல. வாரண்டி இருக்கெண்டால் தொடவே தொடாதேங்கோ, அவங்கள் மாத்தித் தரட்டும். பெயாரிங் இருக்கிற கூடு தேஞ்சு வெளி வளையம் அதுக்குள்ளேயே சுத்தத் தொடங்கியிருந்தால், உள்ளுக்கு வைண்டிங், அதுதான் செப்புக் கம்பிச் சுத்து, கருகின மணம் வந்தால், முழு யூனிட்டுத்தான் வேணும். ஆனால் சத்தத்தைக் கேட்ட உடன 2,600 எண்டு சொல்லுறவனிட்ட, பெயாரிங்கோ வைண்டிங்கோ எண்டு ஒரு கேள்வி கேளுங்கோ. அவனுக்கு ஏலாதெண்டால் அல்ரனேற்றர், ஸ்ராட்டர் கட்டிக் குடுக்கிற கடை எங்கட ஏரியாவில இப்பவும் இருக்கு, அங்க கொண்டுபோங்கோ.

இதில அரசாங்கப் பக்கமும் ஒண்டு இருக்கு, அதையாவது உங்கட பேப்பர் எழுதலாம். 2019 இல ஒன்ராறியோ சட்டசபையில ஃபோன் மாதிரி எலெக்ட்ரோனிக்ஸ் சாமான் திருத்துற உரிமைக்கு ஒரு தனிநபர் மசோதா வந்து தோத்தது. 2023 இல கியூபெக் திருத்துற உரிமைக்குத் தன்ர சட்டத்தை நிறைவேத்தியிட்டுது. 2024 நவம்பரில ஒட்டாவாவில மத்திய பாராளுமன்றத்தில சி-244 எண்ட மசோதா நிறைவேறினது, அதால சாமானைத் திருத்துறதுக்காக டிஜிட்டல் பூட்டைத் திறக்கிறது கொப்பிறைட் குற்றமில்லை எண்டு வந்தது. நல்ல விஷயம்தான், ஆனால் என்ர ட்ரக்கில பூட்டு மென்பொருளில இல்லை, சாமான் பட்டியலில இருக்கு. அந்தச் சட்டத்தில பெயாரிங்கைத் தனியா வில் எண்டு கொம்பனிக்குச் சொல்ல ஒண்டும் இல்லை. எலக்ஷனுக்கு கோயில் வாசலில நிண்டு கை குலுக்க வாற எங்கட மெம்பர்மாரிட்ட இதை ஒருக்காக் கேட்டுப் பாக்கலாமே.

ட்ரக் பூட்டி நாலு மாதமாகுது, சத்தம் ஒண்டும் இல்லை, இப்ப நான் வாறது தெரியாமல் தோசை ஆறிப்போகுது. அந்தக் கட்டுரையில இருந்த வரிக்கு ஒரு சின்னத் திருத்தம் போடுங்கோ. வெட்டின பெயாரிங்கின்ர பாதி என்னட்ட இருக்கு, படம் வேணுமெண்டால் எடுத்து அனுப்புறன்.

இப்படிக்கு,
ஓடு பதிக்கிற வாசகன்,
ஸ்காபரோ