ஒரு பிடி கச்சான்

வெள்ளவத்தை
ஞாயிறு மாலை

அன்புள்ள ரவி,

பொங்கலுக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டு, ஆனால் முழுதாகப் படித்துவிட்டுத் திட்டு. வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முரண்டு பிடிக்கிறது.

இப்போது எனக்குத் தூக்கம் கெட்டிருப்பது கச்சானால், வெறும் நிலக்கடலையால். சிரிக்காதே.

சென்ற மாதம் வியாபாரி ஒருவர் எங்கள் ஆய்வுகூடத்துக்கு ஒரு சிறு பையில் கச்சான் கொண்டுவந்தார். அஃப்லடொக்சின் என்ற பூஞ்சண நஞ்சு இல்லை என்று வந்தது, கையெழுத்து வைத்தேன். இரண்டு கிழமை கழித்து அதே சரக்கிலிருந்து இன்னொரு பை வந்தது. எல்லையைப் பல மடங்கு தாண்டியிருந்தது! எது பிழை என்று மேலதிகாரி கேட்டார். இரண்டும் சரி என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, அது ஒரே தண்ணீரில், ஒரே நெருப்பில் வெந்த சோற்றுக்குத்தான் பொருந்தும். கச்சான் அப்படியா? வரட்சியில் வெடித்தது, பூச்சி துளைத்தது, ஈரத்தில் கிடந்தது என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கெடுகிறது. ஆயிரக்கணக்கான பருப்புகளில் பூஞ்சணம் பிடித்த ஒன்றிரண்டிலேயே மொத்த நஞ்சும் இருக்கக்கூடும். அது என் பிடியில் அகப்பட்டால் சரக்கு முழுவதும் நஞ்சு, அகப்படாவிட்டால் சுத்தம். உரித்த கச்சானுக்குச் சர்வதேச உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் கேட்பது 20 கிலோ மாதிரி. அவ்வளவையும் அரைத்துக் கலந்த பிறகுதான் அதிலிருந்து சிறிது எடுக்கலாம். எனக்கு வந்ததோ ஒரு பிடி.

1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்த பிறகுதான் பிரேசிலில் இருந்து வந்த கச்சான் பிண்ணாக்கில் இந்த நஞ்சைக் கண்டுபிடித்தார்கள். கோழிகள் கூட்டமாகச் செத்ததால் தெரிந்தது. மனிதருக்கு அப்படித் தெரியாது, ரவி. கெட்ட மீன் தின்றவன் மறுநாளே கடைக்காரனைத் தேடி வருவான். இது பல வருடங்கள் கழித்து ஈரலில் புற்றாக வரும். ஹெபடைடிஸ் பி உள்ளவருக்கு ஆபத்து இன்னும் பல மடங்கு. என் கையெழுத்தைத் தேடி யாரும் வரப்போவதில்லை. அதுதான் உறுத்துகிறது.

சின்னவளுக்கும் இதே வியாதி. சமூகப் புள்ளிவிபரப் பாடத்துக்காக எங்கள் தொடர்மாடியில் காலை பத்து மணிக்குக் கதவு கதவாகத் தட்டினாள். திறந்ததெல்லாம் பாட்டிமார். வெள்ளவத்தையில் கடைச் சாப்பாடு சாப்பிடுவோர் மிகக் குறைவு என்று எழுதிவிட்டாள்! கீழே கொத்து ரொட்டிக் கடையில் இரவு பதினொரு மணிக்கு நிற்கும் கூட்டம் யார் வீட்டுப் பிள்ளைகளாம்? இரவில் மறுபடி போய்த் தட்டு என்றேன். அப்பா கச்சானைப் பாருங்கள் என்கிறாள்.

மனைவியின் முறைப்பாடு வேறு. காலிமுகத்திடலில் கச்சான் சுருளை வாங்கியவள் வாயருகே கொண்டுபோகும்போது, வறுத்தாலும் இந்த நஞ்சு முழுதாகப் போகாது என்று சொல்லிவிட்டேன். வீடு வரும்வரை பேச்சில்லை.

நீ கணக்கு வாத்தியார்தானே, உட்கார்ந்து போட்டுப் பார்: ஐயாயிரம் பருப்புக்கு ஒன்று கெட்டது என்றால், முந்நூறு பருப்புள்ள ஒரு பிடியில் அது தப்பிவிடும் வாய்ப்பு என்ன? விடையை மேலதிகாரியிடம் காட்ட வேண்டும். என் சொல்லைவிட உன் கணக்குக்கு மதிப்பு அதிகம்.

அடுத்த மாதம் வரும்போது வழக்கம்போல கச்சான் பொட்டலம் தூக்கிக்கொண்டு வராதே. கொண்டுவந்தால் இருபது கிலோவாகக் கொண்டு வா.

உன்,
குமார்