மெக்கிலுக்காக ஒரு வக்காலத்து

மாப்ள,

பதில் போடாததற்குச் சாக்கு சொன்னால் நீ நம்பப் போவதில்லை, விடு. வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். கட்டையன் மகளுக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது, பத்திரிகை வரும். மொய் எழுதும்போது பன்னு டீ கணக்கைக் கழித்துக்கொள்.

பதவி உயர்வு உன்னைத் தாண்டிப் போன கதையைப் படித்தேன். வயிறெரிந்தது. ஆனால் கடைசியில் "நான் மெக்கில் ஆயிட்டேன்டா" என்று முடித்திருந்தாய் பார், அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. சுழல் மன்னன் ஷேன் வார்ன் காலத்தில் அதே ஆஸ்திரேலிய அணிக்குச் சுழற்பந்து போட்ட ஸ்டூவர்ட் மெக்கிலை இவ்வளவு மட்டமாகவா நினைத்திருக்கிறாய்?

வார்ன் நிழலில் வாடிப்போன பாவப்பட்ட மனுஷன் என்று ஊரே சொல்லும். நீயுமா? 44 டெஸ்ட், 208 விக்கெட்டுடா! நாம் கோயில் கட்டாத குறையாகக் கொண்டாடும் நம்ம சுழல்வீரர் சந்திரசேகரே 58 டெஸ்டில் 242தான். 1999 ஜனவரி சிட்னி டெஸ்ட் ஞாபகம் இருக்கிறதா? தோள் அறுவை சிகிச்சைக்குப் பிறகு வார்ன் திரும்பி வந்த ஆட்டம். எல்லாக் கண்ணும் அவர்மேல். இந்தப் பக்கம் மெக்கில் 5, 7 என்று 12 விக்கெட்டை அள்ளிவிட்டார். வார்னுக்குக் கிடைத்தது இரண்டு. அடுத்து வெஸ்ட் இண்டீஸில், துணைத்தலைவரான வார்னையே ஆன்டிகுவா டெஸ்டில் உட்கார வைத்துவிட்டு மெக்கிலை ஆடவிட்டார் கேப்டன் ஸ்டீவ் வா. இருவரும் சேர்ந்து ஆடிய 16 டெஸ்டில் மெக்கில் 82, வார்ன் 74. இதுவா நிழல்?

சரி, அப்படியென்றால் ஏமாற்றப்பட்டார் என்பாய். அதுவும் இல்லை. மெக்கிலின் பந்து காலுக்கு வெளியே விழுந்து ஆஃப் ஸ்டம்ப்பையும் தாண்டித் திரும்பும், எதிர்ப்பக்கம் திரும்பி ஏமாற்றும் கூக்ளி வார்னுடையதைவிட ஒரு படி மேல். ஆனால் நாலு நல்ல பந்துக்கு நடுவில் ஒரு ஃபுல் டாஸையோ, பாதிப் பிட்ச்சில் குத்தும் பந்தையோ தானமாகக் கொடுத்துவிடுவார். வார்ன் விக்கெட்டும் எடுப்பார், ரன்னையும் இறுக்கிப் பிடிப்பார். மெக்ராத், கில்லஸ்பி மாதிரி வேகப்பந்து வீச்சாளர்கள் இருக்கிற அணியில் சுழலுக்கு இருப்பதே பெரும்பாலும் ஒரு நாற்காலி. கேப்டன் யாரை உட்கார வைப்பான்? தடைசெய்யப்பட்ட மருந்து விவகாரத்தில் 2003இல் வார்ன் ஓராண்டு தடைபட்டபோது அந்த நாற்காலி காலியாகத்தானே கிடந்தது? அந்த டிசம்பரில் அடிலெய்டில் டிராவிட் வெற்றி ரன்னை அடித்துவிட்டுத் தொப்பியை முத்தமிட்டாரே, அவர் வெட்டி விரட்டிய பந்து மெக்கில் போட்டதுதான். நாம் இருவரும் நாற்காலியைத் தட்டிக் குதித்தோம், போட்டவனைப் பற்றி ஒரு நிமிஷம் நினைத்தோமா?

2007 ஜனவரியில் வார்ன் ஓய்வு பெற்றபோது மெக்கிலுக்கு 36 வயது நெருங்கிவிட்டது, மணிக்கட்டும் மக்கர். அடுத்த வருஷமே அதே ஆன்டிகுவாவில், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டார்.

நான் சொல்ல வந்தது இதுவல்ல. 2004இல் ஜிம்பாப்வே பயணம். சர்வாதிகாரி முகாபே ஆட்சி நடக்கும் நாட்டுக்கு விளையாடப் போக என் மனசாட்சி இடம் தராது என்று ஒதுங்கிக்கொண்டார். நடுங்கிக்கொண்டிருந்த அணி அது, விக்கெட் மலிவாகக் கிடைத்திருக்கும். ஆண்டுக்கு நாலு வாய்ப்பு கிடைத்தாலே பெரிது என்கிற ஆள், கையில் வந்ததைத் தானே தள்ளிவிட்டார்.

அந்தப் பொய் பில்லில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று நின்றதை நீ ஒரே ஒரு வரியில் எழுதிவிட்டு, புலம்பலுக்கு ரெண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறாய். புது மேலாளரும் சும்மா வந்தவர் இல்லை, கணக்கில் புலி என்று நீயே போன வருஷம் சொன்னாய். அவரைத் திட்டாதே. அந்த ஒரு வரியை மட்டும் எனக்கு விவரமாக எழுது. யார் கேட்டது, நீ என்ன சொன்னாய், அப்புறம் என்ன ஆச்சு, எல்லாம்.

அப்புறம், ராஜினாமா எழுதி டிராயரில் வைத்திருக்கிறாயாமே, உன் வீட்டுக்காரி என் வீட்டில் சொல்லியிருக்கிறாள். கொடுப்பதென்றால் கொடு, உன் இஷ்டம். ஆனால் முதலில் எனக்கு அனுப்பு. கோபத்தில் எழுதினால் உனக்கு ல, ள எல்லாம் ஒன்றுதான்.

உன்
பங்காளி